மச்சாள் போட்ட வசம்புக் காப்பு

மகளுக்குச் சிறிதாகிவிட்ட உடுப்புகளைப் பிரித்து வைக்கும்போது வசம்புக் காப்பு கைக்கு வந்தது. கறுப்பு நூலில் கோத்த வசம்புத் துண்டுகள். மணம் இன்னும் போகவில்லை. அதைப் போட்டவர் என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள்.

குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டில் அன்று மகள் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு. மச்சாள் வெல்லாவெளியிலிருந்து மாரி மழையில் நனைந்து வந்திருந்தார். பிள்ளைக்குக் காப்புப் போடுவது எங்கள் குடும்பங்களில் தகப்பனின் சகோதரிக்குள்ள உரிமை. "தடிமன்தான் புள்ள, வேற ஒண்டுமில்ல" என்று தும்மி மூக்கைத் துடைத்துக்கொண்டார். தூக்கவேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, என்ன வடிவு, எங்கட மூக்கு என்று உச்சி மோந்தார்.

சில நாட்களில் மகளுக்கு மூக்கடைத்தது, பிறகு இருமல். பால் குடிக்க முடியாமல் அழுதாள். மூச்சிழுக்கும்போது விலாவுக்கிடையில் தோல் உள்ளே போனது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். பெரியவர்களுக்கு வெறும் தடிமனாக வந்துபோகும் வைரஸ்தான், கைக்குழந்தையின் சின்ன மூச்சுக்குழாய்களைச் சளியால் அடைத்துவிடுகிறது என்றார் டொக்டர். அதைக் கொல்ல மருந்தில்லை. மூச்சுக்கும் பாலுக்கும் துணைசெய்து காத்திருக்க வேண்டும். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். சொல்லமுடியாது என்றார்.

மகள் தேறி வீடு வந்தாள். அதற்குள் ஊரில் கதை: பிள்ளையில்லாத மச்சாள் வடிவென்று சொன்னாராம், நாவூறு பட்டுவிட்டதாம். எனக்குப் பொறுக்கவில்லை. படித்தவள் அல்லவா, மச்சாளை இருத்தி விளக்கினேன். உங்கள் கண்ணிலும் நாவிலும் ஒரு குறையுமில்லை, இது கிருமி, தும்மலிலும் கையிலும் தொற்றுவது என்றேன்.

 அவர் கேட்டார்.

"அப்ப, என்ட தடிமன்தானே புள்ள?"

அன்று வீடு நிறைய ஆட்கள், கடைக்குப் போய்வந்த உங்கள் தம்பியாகவும் இருக்கலாம் என்றேன். தலையாட்டினார். நாவூறென்றால் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டு முடித்திருப்பார். நான் சொன்னதற்கு அப்படி ஒரு கழிப்பு இல்லை.

இப்போது மகள் ஓடித்திரிகிறாள். மச்சாள் வருவார், தடிமன் இல்லாத நாளிலும் முந்தானையால் வாயை மூடியபடி வாசலோடு நிற்பார். போன கிழமை மகள், தூக்குங்க மாமி என்று கையை நீட்டினாள்.

"மாமி கை கழுவல்ல மகள்" என்று பின்னால் நகர்ந்தார்.

கிணற்றடியில் அவர் சவுக்காரம் போட்டுக் கழுவியதை நான் பார்த்திருந்தேன். சொல்ல வாயெடுத்தேன், முன்பு விளக்கியது நினைவுக்கு வந்தது.

காப்பை மகளின் கையில் போட்டுப் பார்த்தேன். இரண்டு விரலுக்கு மேல் ஏறவில்லை.