நானூறு மிளகும் அறுநூறு மிளகும்

பிள்ளைகளே, எனக்குக் கணக்கு எங்கே புரிந்தது என்று கேட்டால் பள்ளிக்கூடத்தைச் சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்போடு நான் நின்றுவிட்டேன். அங்கே எனக்குப் பிடித்திருந்த ஒரே பாடம் சராசரி. எல்லாவற்றையும் கூட்டு, எத்தனை இருக்கிறதோ அத்தனையால் வகு, முடிந்தது. அதில் மட்டும் எனக்குக் குழப்பமே வந்ததில்லை. கடைசியில் நான் மாட்டிக்கொண்டதும் அதில்தான்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமான புதிது. கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனைத் தாண்டி, காயல் கரையை ஒட்டிய ஒரு மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். இடுப்பு வலி வந்து குனிந்தால் நிமிர முடியாமல் ஆனது. தமிழும் மலையாளமும் எழுதுவேன் என்பதால் கிடங்கின் முதலாளி சேட் என்னைச் சரக்கின் மாதிரியை அளந்து பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார். "சரிப்பட்டா இங்க இரு. இல்லைன்னா மறுபடி மூட்டைக்குப் போ" என்றுதான் சொல்லியிருந்தார்.

மேசையில் என்ன வேலை என்றால், ஒரு லிட்டர் பாத்திரத்தில் மிளகைக் கொட்டி, தலைதட்டி, தராசில் வைக்க வேண்டும். நன்றாக விளைந்த கனத்த மணி அறுநூறு கிராம் நிற்கும். உள்ளே சத்தில்லாத லேசு மணி நானூறுதான் நிற்கும். நாங்கள் மிளகையே அப்படித்தான் கூப்பிடுவோம், இது நானூறு, அது அறுநூறு என்று.

ஒரு நாள் காலையில் சேட் வந்தார். "வாங்குற பார்ட்டிக்கு ஐந்நூறு வேணும். ரெண்டையும் எப்படிக் கலக்கிறது?"

மேசையில் எனக்கு முன்பிருந்தே வேலை பார்த்த, அண்ணன் முறையில் நாங்கள் சேட்டன் என்று கூப்பிடும் ஆள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "பாதிப் பாதி, சேட். நானூறும் அறுநூறும் ஆயிரம். ரெண்டால வகுத்தா ஐந்நூறு."

பத்து மூட்டை நானூறும் பத்து மூட்டை அறுநூறும் தரையில் கொட்டப்பட்டன. எல்லாம் ஒரே எடை மூட்டைகள். கிடங்கில் கூலி வேலை செய்த பெண்கள் தும்மிக்கொண்டே மரப்பலகையால் கிளறிக் கலந்தார்கள். மதியம் அளந்தேன். நானூற்று எண்பது. கலவை சரியில்லை என்று மறுபடி கிளறச் சொன்னேன். நாலு மூலையிலும் அள்ளி அளந்தேன். அதே நானூற்று எண்பது.

பெண்களுக்கு மூத்தவளான சேச்சி பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள். "எடா மோனே, இனியும் கிளறினா மிளகு பொடியாயிடும். ஓட்டை உன் பாதியில இருக்கு, எங்க கையில இல்ல."

"புதுமாப்பிள்ளைல்லே," என்றாள் இன்னொருத்தி. "பாதின்னா எவ்வளவுன்னு வீட்டுக்காரிகிட்ட கேட்டுட்டு வரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சரக்கு மறுநாள் காலை போக வேண்டும். இது தவறினால் நான் மறுபடி மூட்டைக்குத்தான்.

"பாத்திரம் நெளிஞ்சிருக்குமோ?" என்றார் சேட்டன்.

"நெளிஞ்சிருந்தா நானூறும் அறுநூறும் மட்டும் எப்படிச் சேட்டா சரியா நிக்குது?"

சேட்டன் எழுந்து, சாயா வாங்கி வரப் போனார். நான் என் கையாலேயே கொஞ்சமாகக் கலந்து பார்த்துவிடலாம் என்று, இரண்டிலும் ஆறாறு கிலோ நிறுத்து வைத்தேன். ஒழுங்காகக் கலக்க வேண்டுமே என்று அதில் ஒரு பாத்திரம், இதில் ஒரு பாத்திரம் என மாற்றி மாற்றிக் கொட்டினேன். பத்தாவது பாத்திரத்தோடு அறுநூறு தீர்ந்துபோனது. நானூறில் இன்னும் ஐந்து பாத்திரம் மிச்சம் கிடந்தது.

அந்தச் சின்னக் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதுவரை கொட்டியது பத்துக்குப் பத்து. அளந்தேன், ஐந்நூறு நின்றது. அப்படியென்றால் எடையைக் கீழே இழுப்பது இந்த ஐந்தும்தான். எடையில் பாதி என்றால் பாத்திரத்தில் பாதி என்று நானாக நினைத்துக்கொண்டேன். லேசு மணி அதிக இடம் பிடிக்கிறது. பாதி என்று சொன்னேனே தவிர, எதில் பாதி என்று கேட்கவே இல்லை.

மூத்தவளே, நீ பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாயே, அந்த பஸ் கணக்கும் இதுதான். களமசேரிக்குப் போகும்போது மணிக்கு இருபது கிலோமீட்டர், வரும்போது முப்பது, சராசரி இருபத்தைந்து என்று எழுதினாய். டீச்சர் இருபத்து நாலு என்றார். மெதுவாகப் போகும் பஸ் ரோட்டில் அதிக நேரம் இருக்கிறது, பார். தூரம்தான் பாதிப் பாதி, நேரம் அப்படியில்லை.

மிச்சமிருந்த ஐந்து பாத்திரத்துக்கும் ஈடாக அறுநூறில் ஐந்து பாத்திரம், அதாவது மூன்று கிலோ, வேண்டும். ஆறுக்கு ஒன்பது. இரண்டு மூட்டைக்கு மூன்று மூட்டை. அப்படிப் பார்த்தால் பெரிய குவியலுக்கு இன்னும் ஐந்து மூட்டை அறுநூறு தேவை. சேட் அதை வேறு பார்ட்டிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

போய்க் கேட்டேன்.

"காலையில பாதிப் பாதின்னு நீதானே சொன்னே?"

"சொன்னேன், சேட். எடையில பாதி போட்டுட்டோம். பாத்திரத்துல பாதி போட்டிருக்கணும். ஒரு தடவை வந்து பாருங்க."

வந்தார். மறுபடி ஆறாறு கிலோ நிறுத்து, அவர் கண் முன்னே மாற்றி மாற்றிக் கொட்டினேன். மிச்சக் குவியலில் அவர் விரலை விட்டுப் பார்த்தார். "இதுதான் அதிகம்னா, பெரிய குவியல்லேர்ந்து நானூறைக் கொஞ்சம் எடுத்துட முடியாதா?"

சேச்சிதான் பதில் சொன்னாள். "எடுக்கலாமே சேட். ஒவ்வொரு மணியா பொறுக்கித் தர்றோம். ஓணம் வரைக்கும் கூலி குடுங்க."

சேட் சிரித்துவிட்டார். ஐந்து மூட்டையை இறக்கச் சொன்னார்.

மூன்றாவது முறையாகக் கலந்தார்கள். பாத்திரத்தைச் சேச்சியே வாங்கித் தலைதட்டினாள். தராசு ஐந்நூறில் நின்றது. ஒரு மூலையில் சற்றுக் குறைய, இன்னொரு மூலையில் சற்றுக் கூட. சேட் பாராட்டெல்லாம் சொல்லவில்லை. போகிற போக்கில், "நாளைக்கு ஏலக்காய் வருது. அதையும் நீயே பாரு" என்றார்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடம் பாத்திரக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "அப்ப இனி மூட்டை தூக்க வேண்டாமா?" என்றாள்.

"வேண்டாம்."

"சரி, கை கழுவிட்டு வாங்க. கப்பைக் கிழங்கு ஆறிடும்."

தட்டின் முன்னால் உட்கார்ந்து, கப்பைத் துண்டுகளை இரண்டு பக்கமாக ஒதுக்கி, அவளுக்கு இன்னொரு தடவை விளக்க ஆரம்பித்தேன்.