கோஸ்தான் போன இன்ஜின்

கிளேபாங் வீட்டில், ஒரு பொம்மை ரயில் இன்ஜினின் அடித்தட்டில் இன்னொன்றின் மோட்டாரைப் பொருத்தி ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் சின்ன வயதில் குடியிருந்த ஜாசின் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கே போய்விட்டேன்.

சித்தப்பா மகன் மணி என்னைவிட ஒரு வயது சின்னவன். சார்டின் டின்னை வெட்டி, கெட்டுப்போன ரேடியோவின் கேசட் மோட்டாரை வைத்து, கம்பியை அடுப்பில் சுட்டு ஈயம் பிடித்து, ஓர் இன்ஜின் செய்தான். பால் வெட்டிவிட்டு வந்த அப்பா, கைகூடக் கழுவாமல் அதன் முன்னால் குந்தினார்.

“மூளைக்காரன்லா இவன்!”

என்னை அப்படிச் சொன்னதே இல்லை. வயிறு எரிந்தது.

கோயில் திருவிழாவில் மணி அதை ஓட்டிக்காட்டுவதாக இருந்தான். இன்ஜின் ஓடாமல் நின்று அவன் மானம் போகட்டும் என்று, பேட்டரியில் முறுக்கியிருந்த இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிவிட்டேன். இன்ஜின் பின்பக்கமாக ஓடியது. “அட, கோஸ்தானும் போகுதுலா!” என்று கூட்டமே கைதட்டியது. அப்பாதான் முதலில் தட்டினார்.

இன்று மாலை மணி வந்தான். என் இன்ஜினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அழகா இருக்குண்ணே. ஒயர மாத்துனா இதுவும் கோஸ்தான் போகுமா?”

மாற்றியது நான்தான் என்று தெரிந்தும் அப்பாவிடம் கடைசிவரை சொல்லாமலே இருந்திருக்கிறான். பாவி, அதிலும் அவனே ஜெயித்துவிட்டான்.