ஹௌ டேர் யூ? தேங்க் யூ!

போன வாரம் ஏற்காட்டில், வாழவந்திப் பக்கம் ஒரு நண்பரின் காப்பி எஸ்டேட்டில் தங்கியிருந்தேன். நண்பர் நல்லவர்தான். ஆனால் புதுக் கார் வாங்கியிருந்தார் — அதில் செருப்போடு ஏற என்னையே விடவில்லை!

காலை பதினொரு மணி இருக்கும். காப்பிச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரே கூச்சல். எஸ்டேட்டில் வேலை செய்யும் கணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த கோகிலாவுக்கு, வந்த இடத்திலேயே பிரசவ வலி! ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகுமாம்.

பழம் பறித்துக்கொண்டிருந்த மேரி யாரையும் கேட்கவில்லை. பங்களா வாசலில் நின்ற அந்தப் புதுக் காரின் கதவைத் திறந்தார். சேற்றுக் காலோடு கோகிலாவைப் பின் சீட்டில் படுக்கவைத்துத் தானும் ஏறிக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகோணுங்க!" என்றார் டிரைவரிடம்.

உள்ளேயிருந்து ஓடிவந்தார் நண்பர். முகம் சிவக்க, "ஹௌ டேர் யூ!" என்று கத்தினார்.

மேரி முகமெல்லாம் சிரிப்பு. "தேங்க் யூ சார்! நீங்களும் முன்னாடி ஏறிக்குங்க. நீங்க சொன்னா அங்க சீக்கிரமாப் பாப்பாங்க!"

பாவம், நண்பர்! என்ன செய்வார்? ஏறிக்கொண்டார்!

நானா? கையில் காப்பி டம்ளரோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்...

மதியம் நண்பர் போன் செய்தார். "பொண்ணுய்யா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கொஞ்சம் லேட்டாகியிருந்தா ஆபத்தாம்..."

சாயங்காலம் திரும்பி வந்த மேரியைக் கேட்டேன். "அவர் திட்டினதுக்கா தேங்க்ஸ் சொன்னீங்க?"

"திட்டுனாருங்களா? டேர்னா தைரியந்தானுங்க? நா மிஷன் ஸ்கூல்ல படிச்சவளுங்க. நொம்ப மெச்சிச் சொல்றாருன்னு நெனச்சேன்!" சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அர்த்தம் தெரியாமலா சிரிப்பார்? சரி, விடுங்கள்.

ஆனால் அவர் சொன்னது தப்பே இல்லை. 'ஷி டேர்ட் டு ஆஸ்க்' என்றால் துணிந்து கேட்டாள் — பாராட்டு. 'ஐ டேர் யூ' என்றால், முடிந்தால் செய்து பார் — சவால். 'ஹௌ' என்று ஆரம்பித்தால்தான் திட்டு! தமிழில் மட்டும் என்னவாம்? 'உனக்கு என்ன தைரியம்!' என்பதும் சொல்கிற குரலைப் பொறுத்ததுதானே? நம்மைவிடச் சின்னவர் என்று நாம் நினைப்பவர் துணியும்போதுதான் அந்தக் குரல் உயர்கிறது.

அப்படிக் கத்தத் தோன்றினால், ஒரு நிமிஷம் பொறுத்துக் கத்துங்கள் — பெரும்பாலும் தேவைப்படாது!