விரல் தெரியும் வேகம்

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி கிளம்பும் இடத்தைத் தேடிக்கொண்டே ராஜவேலு கேட்டுவிடுவார்: "உங்க வூட்ல எந்த கம்பெனி நெட்டுங்க? மாசக் கடைசி வரிக்கும் லிமிட் தாங்குதா?"

திருத்தணியில் அரக்கோணம் சாலை ஓரம் அவர் பஞ்சர் கடை. வண்டியை நிறுத்துகிறவர் பள்ளி ஆசிரியரோ மலைக்கோயில் குருக்களோ, யாரையும் விடுவதில்லை. டேட்டா கார்டு மலை மறைப்பில் சிக்னல் பிடிக்காது. டெலிபோன் கம்பியில் வருவது வேகம். லிமிட்டைத் தாண்டினாலும் ஓடும், பில்தான் எகிறும். கேபிள்காரர் கொடுப்பது மலிவு. லிமிட் தீர்ந்தால் பட்டென்று அறுந்துபோகும். எல்லாம் விசாரித்துவிட்டு ஒரே கேள்வியில் வந்து நிற்பார்: "வெரலு வெரலா கை தெரியுமாங்க?"

மகள் ஷாலினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. தாயில்லாத பெண்ணைக் கையாலேயே பேசி வளர்த்து, புனேயில் கட்டிக்கொடுத்தார். போனில் என்ன பேசுவது? பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக் கேமரா மாட்டினார். ஞாயிறுதோறும் மண்ணெண்ணெய் தொட்டுக் கைக்கரியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு அதன் முன் உட்காருவார். விலையைப் பார்த்து முதலில் அவர் எடுத்தது கேபிள்.

போன ஆடியில் ஒருநாள், ஷாலினி கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவசரமாக ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். மாமியார் என்பது மட்டும் புரிந்தது. அடுத்ததற்குத் தூக்கிய கை திரையில் அப்படியே நின்றுவிட்டது. லிமிட் தீர்ந்திருந்தது.

கேபிள்காரரைத் தேடிப் பிடித்து மறுபடி இணைப்பு வாங்குவதற்குள் அந்தப் பக்கம் ஆளில்லை. மறுநாளே ரயிலேறினார். புகுந்த வீட்டார் நடுவில் உட்கார்ந்திருந்த ஷாலினி, நன்றாக இருப்பதாகவே கைகாட்டினாள். அவளைத் தனியே விடவில்லை.

"அடிக்கிறாங்கன்னு சொல்லத் தூக்கினாளா, கூட்டிகினு போன்னு தூக்கினாளா, ஒண்ணும் தெரிலிங்க. நூறு எரநூறு மிச்சம் புடிச்சேன் பாருங்க" என்பார்.

இப்போது டெலிபோன் கம்பி இணைப்பு. போன ஞாயிறு படம் நடுங்கவேயில்லை. விரல் விரலாகத் தெரிந்தது. பக்கத்தில் மாமியார். சௌக்கியம் என்று காட்டிய கையிலிருந்து வளையல்கள் சரிந்தன. மணிக்கட்டில் சூடு வைத்த புண், இன்னும் ஆறாமல்.

ராஜவேலு கேமராவுக்கு நேரே கையை நீட்டி, விரல்களைத் தன் பக்கம் மடக்கினார். வா. யாருக்கும் புரிகிற சைகை அது. மாமியார் எழுந்து திரையை மறைக்க வந்தார். ராஜவேலு கையை இறக்கவில்லை.