புரையேறிய எண்ணெய்

அந்தத் தெருவில் மாட்டுக்குக் கழிச்சல் என்றாலும் ஆட்டுக்குக் காலில் புண் என்றாலும் முதலில் தட்டுகிற கதவு மருந்தம்மாவுடையதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் அது எங்கோ துருப்பிடித்துக் கிடந்தது. கால்நடை ஆஸ்பத்திரியில் நடந்த பயிற்சிக்குப் போனவர்களில் பாதிப்பேர் டீக்கும் பிஸ்கட்டுக்கும் போனவர்கள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள் ஒருத்திதான்.

அவளுக்குச் சரியான ஜோடி அவள் புருஷன். அவர் மாட்டின் தலையைப் பிடிப்பார், இவள் மருந்தை ஊற்றுவாள். தலை முதுகு மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. நாக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. கடைவாயில் கொஞ்சம் ஊற்றி, அது விழுங்கிய பிறகு மறுபடி கொஞ்சம். இருமினால் அந்த நொடியே தலையை விட்டுவிட வேண்டும். மாட்டுக்குச் சொந்தக்காரர் யாராவது, "நான் பிடிக்கிறேம்மா" என்று வந்தால் போச்சு.

"உங்க பாசமெல்லாம் வாசலோட இருக்கட்டும். மருந்து பூரா உள்ள போகணும்னு தலையை நெரிப்பீங்க. அப்புறம் அது வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும்" என்று விரட்டிவிடுவாள். அதைச் சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் தலைக்கனம் தெரியும். தெரிந்தால் என்ன, உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்.

அவர்கள் வீட்டு மாட்டின் பேர் ராங்கி. பேருக்கேற்ற குணம். வேறு யார் கறக்க உட்கார்ந்தாலும் வாளி பறக்கும். புருஷனின் குரல் கேட்டால் மட்டும் காதை ஆட்டிக்கொண்டு சாதுவாக நிற்கும்.

"கட்டினவளைவிட அவளைத்தான் நல்லா கவனிக்கிறீங்க" என்பாள் மருந்தம்மா.

"அவ எதிர்த்துப் பேச மாட்டாளே" என்பார் அவர்.

ஒருநாள் காலையில் ராங்கி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தீவன மூட்டையில் வாயை வைத்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் இடது பக்க வயிறு பானையாக உப்பி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்டர் வெளியூரில் இருந்தார். "எண்ணெய் குடுங்க, நீங்க பார்த்துக்குவீங்க" என்று போனில் சொல்லிவிட்டார். மருந்தம்மா பாட்டிலில் எண்ணெயை நிரப்பினாள். புருஷன் தலையைப் பிடித்தார். மற்ற மாடுகளைப் பிடிக்கிற கை இல்லை அது. பிடி மேலே ஏறிக்கொண்டே போனது. பாதி பாட்டில் உள்ளே போனபோது ராங்கி இருமியது.

"விடுங்க!" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்தான். ஊத்து, செத்துடப் போவுது!"

அவர் விடவில்லை. அதைவிட மோசம், அவள் ஊற்றினாள். ஊரையெல்லாம் வாசலில் நிறுத்தியவளுக்குத் தன்னை நிறுத்தத் தெரியவில்லை.

மத்தியானம் வயிறு இறங்கியது. இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மறுநாள் ராங்கி தீனியைத் தொடவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "எண்ணெய் ஊத்தினப்ப புரையேறிச்சா? இருமினப்ப விட்டீங்களா?" என்று கேட்டார்.

புருஷன் தலையைக் குனிந்தார். அவள் பட்டென்று, "விட்டோம் சார்" என்றாள்.

"அதானே. நீங்க ஊத்தினா அதுல தப்பு வராது. இப்ப எல்லா இடத்துலயும் காய்ச்சல் சுத்துது, அதுவா இருக்கும்." காய்ச்சலுக்கு ஒரு ஊசி போட்டுவிட்டுப் போனார். அந்த நம்பிக்கை அவளைச் சுட்டது.

அடுத்த நாள் ராங்கி கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மூக்கில் நாற்றமடிக்கும் சளி. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"எண்ணெய் நுரையீரலுக்குப் போயிருக்கும்மா. நேத்தே சொல்லியிருந்தா ஏதாவது முயற்சி பண்ணியிருக்கலாம். இனிமே கஷ்டம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவர் பையை எடுத்துக்கொண்டு போனதும் புருஷன் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"நான் விடாமப் பிடிச்சேன். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதானே நீ பொய் சொன்ன? எனக்காகத்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மனுஷன் அதைச் சாகும்வரை நெஞ்சில் வைத்துக் கொண்டாடுவார். ஆனால் ராங்கியின் மூச்சு இழுத்து இழுத்துக் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் இன்னொரு பொய்யைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"உங்களுக்காக இல்லீங்க" என்றாள். "என் பேரு கெட்டுடுமேன்னு."

அவர் அழுகையை நிறுத்தினார். அவள் தோளிலிருந்த கையை எடுத்து ராங்கியின் கழுத்தில் வைத்தார். அதன் மூச்சு அடங்கும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. அதன் பிறகும் அவர் அவள் பக்கம் திரும்பவில்லை.