கைப்பிடியில் தொங்கிய சட்டை

எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. இதை என் மாமியார் சொன்னால் சண்டைக்குப் போவேன். நானே சொன்னால் உண்மை. காரைக்கால் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். எந்த லைனில் மின்சாரம் போகலாம், எதில் நிற்க வேண்டும் என்று பார்த்து சுவிட்சைப் போடுவதும் எடுப்பதும், அதை நேரத்தோடு லாக் புத்தகத்தில் எழுதுவதும்தான் வேலை. கணவருக்கு விழிதியூரில் விவசாயம். எங்கள் வயல் மோட்டார் ஓடுவதும் நான் பார்க்கும் லைன் ஒன்றில்தான். அதனாலேயே வீட்டில் நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. கரண்ட் போனால் ஊருக்கே போயிற்று என்று நினைக்க மாட்டார், பெண்டாட்டி நிறுத்திவிட்டாள் என்பார்.

அன்று சனிக்கிழமை. குறுவைக்கு நாற்று விட்டிருந்தோம், வெயில் கொளுத்தியது. காலையிலேயே ஒரு வாக்குவாதம். சாப்பிடாமல் டியூட்டிக்கு வந்துவிட்டேன். பத்து மணி வாக்கில் அந்தப் பகுதி லைன்மேன் போன் செய்தார். ஐம்பதைத் தொடப்போகிறவர், நிதானமான மனுஷன். வயல்வெளிக் கடைசியில் ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் உடைந்திருக்கிறது, முழு லைனையும் நிறுத்த வேண்டாம், வழியில் இருக்கும் கம்பத்து சுவிட்சை மட்டும் இறக்கிவிட்டு அந்தக் கிளையில் ஏறுகிறேன் என்றார். கூட வர வேண்டியவர் லீவாம். திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டம். லைனை நிறுத்தினால் லாட்ஜ்காரர்கள் என்னைப் போனிலேயே தின்றுவிடுவார்கள். சரி அண்ணே, பார்த்து ஏறுங்க என்று சொல்லி எழுதிக்கொண்டேன்.

அந்தச் சுவிட்சுக்குக் கீழே, கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு, ஒரு காலத்தில். அது துருப்பிடித்து விழுந்தபின் யாரும் மாற்றவில்லை. அதனால் லைன்மேன் தன் சட்டையைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். சட்டை தொங்கினால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்கு யார் சொன்னார்கள்? எங்கள் பக்கத்தில் சேற்றில் இறங்குகிறவர்கள் சட்டையை வேலி, மோட்டார் கொட்டகை, கம்பம் என்று கண்ட இடத்தில் மாட்டுவார்கள்.

அரைமணி கழித்து என் கணவர் போன் செய்தார். எங்கள் மோட்டாரும் அந்தக் கிளையில்தான். கரண்ட் இருக்கிறதா என்று கேட்டார். லைனில் இருக்கிறது என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். 'ஆள் ஏறியிருக்கு, தொடாதீங்க' என்று இன்னும் மூன்றே வார்த்தை. காலைக் கோபத்தில் அதை விழுங்கிவிட்டேன், பாவி.

கால்மணி நேரத்தில் மணி அலறியது. அந்த லைனின் சுவிட்ச் தானாக விழுந்து மின்சாரம் நின்றுவிட்டது. மின்சாரம் எங்கோ மண்ணில் இறங்கியதாகக் கருவி காட்டியது. தென்னை மட்டை விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி லைன் நின்றால் சில நிமிடம் விட்டு ஒருமுறை போட்டுப் பார்ப்பதுதான் வழக்கம். லைன்மேன் இருக்கும் கிளைதான் தனியாகப் பிரிந்து கிடக்கிறதே. லாட்ஜ்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அழைத்தார்கள். மேலதிகாரியும் அழைத்து, இன்னும் என்ன பார்க்கிறீர்கள், போடுங்கள் என்றார். எழுந்து போய் சுவிட்சில் கையை வைத்தேன்.

அப்போது என் செல்போன் அடித்தது. என் கணவர். வழக்கமாக அந்த மாதிரி நேரத்தில் துண்டித்திருப்பேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

"மோட்டார் ஓடலன்னு வந்து பாத்தேன், கம்பத்து சுவிட்சு எறங்கிக் கெடந்துச்சு. தூக்கிப் போட்டேன். டமார்னு ஒரு சத்தம், உள்ளதும் போச்சு. நீ அங்கேருந்து ஒரு தடவ போட்டு வுடு."

சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். துண்டித்துவிட்டு லைன்மேன் எண்ணை அழுத்தினேன். மணி நீளமாகப் போனது. யாரோ எடுத்தார்கள். உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது.

"யாருங்க பேசுறது? இந்தச் சட்டைக்காரரு இங்க இல்லீங்களே. கைப்பிடில மாட்டியிருந்துச்சு, நான்தான் அழுக்காவாம மடிச்சு வரப்புல வெச்சேன். பையில போன் அடிச்சுதுன்னு எடுத்தேன்."

என் கணவரின் குரல்.

"மொதல்ல அந்தக் கைப்பிடிய கீழ எறக்குங்க," என்றேன். "அந்தச் சட்டைக்காரரு கம்பத்து மேல இருக்காரு."

இரும்பு கிரீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு ஓட்டம். அந்தக் கம்பத்தைக் கருவேலம் புதர் மறைத்திருக்கும். அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. காதில் அவருடைய மூச்சிரைப்பு மட்டும். மேசைப் போனில் மறுபடி மேலதிகாரி. போட மாட்டேன் சார், மேலே ஆள் இருக்கிறார் என்று சொல்லி வைத்தேன். லைன்மேனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதிர் பெஞ்சில் உட்கார்ந்து என்னோடு கதை பேசிவிட்டுப் போகும் அவர் மனைவி நினைவுக்கு வந்தார். சனீஸ்வரா, எள் தீபம் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எத்தனை தீபம் என்று கூடச் சொல்லத் தோன்றவில்லை.

"இருக்காரு," என்றார் கணவர். "உசுரோட இருக்காரு. கம்பத்தக் கட்டிப் புடிச்சிட்டு நிக்கிறாரு." அதன்பின் அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத அழுகை.

மதியம் இருவரும் எங்கள் பைக்கிலேயே மின்நிலையத்துக்கு வந்தார்கள். லைன்மேன் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ஏறியதும் மூன்று கம்பிகளையும் சேர்த்து மண்ணோடு இணைத்து எர்த் போட்டிருந்தாராம். வந்த மின்சாரம் அவரை விட்டுவிட்டு அதன் வழியே மண்ணுக்குப் போயிருக்கிறது. ஆனால் அந்த அதிர்ச்சியில் எர்த் கம்பியின் ஒரு கொக்கி கழன்றுவிட்டது.

"இன்னொரு தடவ வந்திருந்தா நான் இல்லீங்க மேடம்," என்றார். இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, காரணம் தென்னை மட்டை என்று எழுதிவிடுங்கள், வீட்டு விஷயத்தை ஏன் புத்தகத்தில் ஏற்றுகிறீர்கள் என்றும் சொன்னார். என் கணவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் நடந்ததை எழுதினேன். எழுதி முடித்தபோது கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னய எழுதிட்டியா?"

"ரெண்டாவது வரில இருக்கீங்க. மொத வரில நான் இருக்கேன்."

கீழே லைன்மேன் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வாங்கினார், அது பிடியில் நிற்காமல் கீழே விழுந்தது. அப்போதுதான் அவர் இன்னும் வெறும் பனியனோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். சட்டை, மடித்தது மடித்தபடி, என் கணவர் கையில் இருந்தது. அவர் அதைப் பிரித்து லைன்மேனுக்குப் போட்டுவிட்டு, குனிந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டிவிட்டார்.