நெய்வேலி ஒருங்கியல் சங்கத்தில் ஒரு சனிக்கிழமை

காலை பத்தேகால். சென்னையிலிருந்து ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். பண்ருட்டி தாண்டியதிலிருந்து சாலையோரமெல்லாம் பலாப்பழம். நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் துப்பட்டாவே பலாச்சுளை வாசம் அடித்தது.

"எங்க போவணும் பாப்பா?" என்றார் ஆட்டோக்காரர்.

"ஒருங்கியல் சங்கம்."

"அந்தப் பேர்ல இங்க ஒண்ணும் இல்லியே." கொஞ்சம் யோசித்தவர், "அட, வைதேகி டீச்சர் வூடா? மாசத்துல ஒரு சனிக்கெழம வாசல் பூரா செருப்பா கெடக்குமே! அப்படிச் சொல்ல வேணாமா?" என்று வண்டியைக் கிளப்பினார். எண்பது ரூபாய். பேரமே இல்லை.

இந்தச் சங்கத்தின் வரலாற்றை எழுத வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் எனக்கு ஒரு வருட ஆசை. துறை துறையாக வெட்டிப் படித்தால் உலகம் புரியாது, பகுதிகள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்பதுதான் ஒருங்கியல். ஐம்பதுகளில் எங்கோ வெளிநாட்டில் உயிரியல்காரரும் பொருளாதாரக்காரரும் கணக்குக்காரரும் கூடிப் பேசிய விஷயம். அது இந்த நிலக்கரி ஊரில், கம்பெனி குவார்ட்டர்ஸ் ஒன்றின் ஹாலில், எப்படி வேர்பிடித்தது?

"முதல்ல சாப்பிடு. வரலாறு எங்கயும் ஓடிடாது," என்று வைதேகி டீச்சர் தட்டில் நான்கு இட்லி வைத்தார். பள்ளியில் இயற்பியல் ஆசிரியை, சங்கத்துக்குச் செயலாளர். மூன்றாவது இட்லியில் நான் இருக்கும்போது சொன்னார்: "மாசக் கடைசியோட எனக்கு ரிடையர்மென்ட். கம்பெனி வீட்ட காலி பண்ணிட்டு விருத்தாசலத்துல தங்கச்சி பக்கத்துல போறேன். இன்னிக்கு சங்கத்த கலைக்கத் தீர்மானம் வெக்கிறேன். நீ சரியான நேரத்துக்கு வந்திருக்க."

இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். பிறந்த கதை கேட்க வந்தவளுக்கு இது என்ன செய்தி?

பன்னிரண்டு மணி. ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து மந்தாரக்குப்பம் சாலையில் கூட்டிப்போனார். தூரத்தில் சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண், மலையாகவே நின்றது. "அடியில தண்ணி அழுத்திக்கிட்டே இருக்கும். எறைக்கலன்னா சுரங்கத்துத் தரையே மேல எழும்பிடும்," என்று காற்றில் கத்திக்கொண்டே ஓட்டினார். அந்த நீரை இறைத்த பொறியாளர் ஒருவருக்கு ஒரு கேள்வி வந்ததாம்: இங்கே இறைத்தால் ஊர்க் கிணறுகள் என்ன ஆகும்? அது எந்த டிபார்ட்மென்டின் கேள்வியும் இல்லை. ஆகவே ஒரு டாக்டரையும் ஒரு கணக்கு வாத்தியாரையும் வீட்டுக்கு அழைத்தார். அதுதான் முதல் கூட்டம்.

பிறகு நடந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது தூங்குமூஞ்சிப் பிள்ளைகளின் கதை. வகுப்பில் சில பிள்ளைகள் சில வாரம் மட்டும் தூங்கி வழிந்தார்கள். பள்ளி பிள்ளைகளைத் திட்டியது, பெற்றோர் டிவியைத் திட்டினார்கள். சங்கத்தில் பேசியபோது வெளிப்பட்டது: அப்பாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் வரும் வாரம், விடியுமுன்னே சமையல்கட்டில் விளக்கு எரியும், சின்னக் குவார்ட்டர்ஸில் பிள்ளையும் விழித்துக்கொள்ளும். அதன் பிறகு டீச்சர் தம் வகுப்பில் தூங்குகிறவர்களை எழுப்புவதில்லையாம்.

மாலை நான்கு. வாசலில் செருப்புகள் நிறைந்தன. சங்கத்துக்கு ஒரு விநோத விதி உண்டு. மாதம் ஒருவர் கட்டுரை எழுதுவார்; எழுதியவரே அதைப் பற்றிப் பேசக் கூடாது. வேறு தொழில்காரர் ஒருவர்தான் விளக்க வேண்டும். அவரால் முடியாவிட்டால் கட்டுரை எழுதியவரிடமே திரும்பிவிடும். தீர்மானத்துக்கும் அதே விதி. எவர்சில்வர் டம்ளரில் சீட்டுக் குலுக்கினார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா பெயர் வந்தது.

"கூடுறதுக்கு இடம் இல்ல, பழைய ஆளுங்க போயிட்டாங்க, அதனால சங்கம் முடிஞ்சுதுன்னு டீச்சர் சொல்றாங்க," என்றார் ஸ்டெல்லா.

நிலக்கரி சுமக்கும் கன்வேயர் பெல்ட்டை ஒட்டும் கான்ட்ராக்ட் வேலையிலிருக்கும் சேகர் கையைத் தூக்கினார். "ஆளு மாறினா முடிஞ்சுதாங்க? எங்க பெல்ட்டுல பாதி ரப்பர மாத்தியாச்சு. அதே பெல்ட்டுதான் ஓடிகினு இருக்குது."

டீச்சர் பேச வாயைத் திறந்தார். "டீச்சர், நீங்க பேசக்கூடாது!" என்று ஹாலே கத்தியது.

ஸ்டெல்லா தாளை இன்னொரு முறை படித்தார். "மன்னிச்சுக்குங்க டீச்சர். பேஷண்டு போயாச்சுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு நாடி கெடைக்குது. நான் எப்படி வெளக்கறது?"

தீர்மானம் திரும்பியது. "அப்போ இந்தச் சங்கத்த நான் கலைக்கவே முடியாதா?" டீச்சருக்கு நிஜமாகவே கோபம்.

"முடியும் டீச்சர். புரியற மாதிரி எழுதினா," என்றார் ஸ்டெல்லா.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிங்க. அடுத்த மாசம் எங்க உக்காருவீங்க? தானா தேஞ்சு போறத நான் பாக்க வேணாம்னுதான் எழுதினேன்."

சேகர்தான் சொன்னார்: "மந்தாரக்குப்பத்துல எங்க மாடி இருக்குது. தகர ஷீட்டு, கொதிக்கும். ஆனா எங்க கான்ட்ராக்ட் பசங்களும் வருவாங்க. இங்க வரக் கூச்சப்பட்டுகினு நின்னுடறானுங்க."

"கம்பெனி டவுன்ஷிப்புக்கு வெளியவா?" என்றது ஒரு குரல். எல்லைக் கோட்டைப் போடுபவர்கள் நாமே என்பது ஒருங்கியலின் முதல் பாடம்; இத்தனை வருடம் தங்கள் கோட்டை அவர்களே பார்க்கவில்லை போலும். டீச்சர் சேகரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறரை. எங்கள் பல்கலைக்கழகத்தில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நாங்கள் சேர்ந்து பேசுவது பார்க்கிங் சண்டையில் மட்டும். அங்கே திரும்பிப் போகவே மனம் வரவில்லை. என்னை ஏற்றிவிட டீச்சர் தெருமுனை வரை வந்து ஒரு ஆட்டோவை நிறுத்தினார். நான் ஏறி உட்கார்ந்த பிறகும் கம்பியை விடவில்லை.

"ஏம்ப்பா, சனிக்கெழம ராத்திரி மந்தாரக்குப்பத்துலேருந்து விருத்தாசலத்துக்கு பஸ் இருக்கா?"

"ஒம்பது மணி வாக்குல ஒண்ணு இருக்குதுங்க டீச்சர். ஷிப்ட் வுட்ட கும்பல் ஏறிடும், ஒக்கார எடம் கெடைக்காது."

"பரவாயில்ல," என்று கம்பியை விட்டார். "நின்னுக்கிட்டே போய்க்கிறேன்."